எச். ஜி. வெல்ஸை எங்கிருந்து தொடங்கி எப்படிப் படிப்பது?

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் தமது எழுபத்தொன்பது ஆண்டு வாழ்வில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். அவற்றில் அறிவியல் புனைகதைகள் உண்டு. ஜவுளிக்கடைச் சிப்பந்திகளையும் நொடித்துப்போன கடைக்காரர்களையும் பற்றிய நகைச்சுவை நாவல்கள் உண்டு. உயிரியல் பாடநூல், அரசியல் துண்டறிக்கைகள், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுத் தரையில் போர் விளையாடுவதற்கான விதிநூல், திரைக்கதை, மனித உரிமைச் சாசன வரைவு எனப் பலவும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அவரைக் காலப் பயணக் கதையாலும் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையாலும் மட்டுமே அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, அவருக்கு உலகப் புகழையும் பெருஞ்செல்வத்தையும் சேர்த்துத் தந்தது 1920-இல் நூலாக வெளிவந்த ‘தி அவுட்லைன் ஆஃப் ஹிஸ்டரி’ என்ற உலக வரலாறுதான். இத்தனை துறைகளில் கைவைத்த ஒருவரை எந்த வரிசையில் படிப்பது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு ஒரு வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, வெல்ஸை மூன்றாக வெட்டிக்கொள்வது. 1901 வரை அறிவியல் கற்பனையாளர், 1911 வரை சமூக நாவலாசிரியர், அதன் பிறகு உலகுக்கு உபதேசம் செய்தவர் என்பது அந்தப் பிரிவினை. வசதியான பிரிவினைதான், ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அது உதவாது. அவருடைய நாவல்களின் உள்ளே ஒரு வரலாற்றாசிரியர் முன்பே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வரலாறோ நாவல் எழுதிப் பழகிய கையால் எழுதப்பட்டது. ஆகவே துறைவாரியாகப் படிக்காமல், ஒரு நாவல், அதையடுத்து ஒரு வரலாற்று நூல், இடையிடையே அவரது வாழ்க்கை என்று மாற்றி மாற்றிப் படிப்பதே பலன் தரும்.

தொடங்கும் முன் ஓர் ஆண்டுத் தாள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வாழ்க்கை, வலப்பக்கம் நூல்கள். இடப்பக்கத்தில் முதலில் வர வேண்டியவை இவை. 1866 செப்டம்பர் 21 அன்று கென்ட் மாவட்டத்தின் பிராம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் சாமான்களும் விற்ற ஓடாத கடையொன்றை நடத்தினார். தொழில்முறைக் கிரிக்கெட் வீரராகவும் இருந்த அவர், 1862-இல் கென்ட் அணிக்காக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். தாய் சாரா, சசெக்ஸிலுள்ள அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் பணியாளர்களை மேற்பார்க்கும் வேலைக்குப் போனார். எட்டு வயதுவாக்கில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த நாட்களில் சிறுவனுக்கு வாசிப்புப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பதின்ம வயதில் சவுத்சீ நகரத்து ஜவுளிக்கடையொன்றில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. 1883-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினேழு மைல் நடந்து அப்பார்க்கை அடைந்து, இனி அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டான்.

அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடைத்து லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்த அறிவியல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே டார்வினின் கொள்கைக்காகப் பொதுமேடைகளில் வாதாடிய டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பிறகு பள்ளி ஆசிரியர், அதன்பின் அஞ்சல்வழிக் கல்லூரி ஒன்றின் பயிற்றுநர். வலப்பக்கத்தில் முதல் வரியாக 1893-இல் வெளிவந்த உயிரியல் பாடநூலை எழுதுங்கள். பலர் இதைக் கவனியாமல் ‘தி டைம் மெஷின்’ வெளிவந்த 1895-க்குத் தாவிவிடுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்குப் பெரிய விஷயத்தைச் சில பக்கங்களில் சுருக்கிச் சொல்லும் பயிற்சியை வெல்ஸ் பெற்றது அந்த அஞ்சல்வழிப் பாடங்களில்தான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து உலக வரலாற்றை ஒற்றை நூலுக்குள் அடைத்தபோது கைகொடுத்ததும் அதே பயிற்சி.

நூல்கள் எங்கே கிடைக்கும்

வெல்ஸ் 1946 ஆகஸ்ட் 13 அன்று காலமானார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் என்ற இந்தியச் சட்டத்தின்படி 2007 தொடக்கத்திலிருந்து அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் இங்கே பொதுவுடைமை. முக்கியமான நாவல்களும் இரண்டு வரலாற்று நூல்களும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரலாற்று நூல்களைப் பொறுத்தவரை பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். ‘அவுட்லைன்’ நூலை வெல்ஸே பலமுறை திருத்தினார். அவருக்குப் பின் ரேமண்ட் போஸ்ட்கேட்டும், வெல்ஸின் மகன் ஜி. பி. வெல்ஸும் திருத்தி விரிவாக்கினர். பழைய புத்தகக் கடைகளில் தட்டுப்படும் தடித்த பிரதிகள் பெரும்பாலும் இந்தப் பிற்காலத் திருத்தங்களே. செய்தி அறிய அவை போதும். வெல்ஸை அறிய 1920-ஆம் ஆண்டுப் பதிப்பே வேண்டும். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் இணை: செவ்வாய்க் கிரகத்தாரும் ஜவுளிக்கடையும்

முதலில், செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மீது படையெடுப்பதைச் சொல்லும், 1898-இல் வெளிவந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலை எடுங்கள். ‘தி டைம் மெஷின்’ இதைவிடச் சிறியது, இதைவிட அழகானது என்றும் சொல்லலாம். ஆயினும் வரலாற்றாசிரியர் வெல்ஸ் தெளிவாகக் கண்ணில் படுவது இதில்தான். கதை சொல்பவர் நிகழ்ச்சிகள் நடந்து ஆறு ஆண்டுகள் கழித்து எழுதுகிறார். தாம் நேரில் காணாத லண்டன் வெளியேற்றத்தைத் தம் தம்பியின் வாய்மொழியைக் கொண்டு எழுதுகிறார். எது தாம் கண்டது, எது பிறர் சொன்னது, எது பின்னாளில் அறிவியலாளர் கண்டறிந்தது என்று பிரித்துக் காட்டிக்கொண்டே போகிறார். நடக்காத ஒரு போருக்கு எழுதப்பட்ட வரலாறு அது. படிக்கும்போது லண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள வோக்கிங் வட்டாரத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. செவ்வாய்க் கிரகத்தாரைச் சுமந்துவரும் முதல் உருளை விழும் ஹார்செல் பொதுவெளி உட்பட எல்லா இடங்களும் உண்மையானவை. அப்போது வோக்கிங்கில் குடியிருந்த வெல்ஸ், சைக்கிளில் சுற்றித் திரிந்து, செவ்வாய்க் கிரகத்தார் அழிப்பதற்குத் தகுந்த இடங்களையும் ஆட்களையும் குறித்து வைத்துக்கொண்டதாகப் பின்னர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

இந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் ஓரிடத்தில் நின்று படியுங்கள். வேற்றுக்கிரகத்தாரை நாம் கொடியவர் என்று தூற்றுமுன், ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியாவின் மக்களை என்ன செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். பிரிட்டிஷ் பேரரசு உச்சத்தில் இருந்த நாளில், பிரிட்டிஷ் வாசகருக்கு எழுதிய சாகசக் கதையில் இது வருகிறது. அந்தப் பத்தியைக் குறித்து வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய வரலாற்றில் பேரரசுகளும் படைத்தலைவர்களும் ஏன் அவ்வளவு தாழ்ந்த இடத்தைப் பெறுகிறார்கள் என்பது எளிதில் விளங்கும்.

அதை முடித்த கையோடு ‘கிப்ஸ்’ (1905) நாவலுக்குச் செல்லுங்கள். போக்ஸ்டன் நகரத்து ஜவுளிக்கடையில் முதலாளி ஷால்ஃபோர்ட் தம் கடையின் ஒழுங்கமைப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் இடங்களையும், வேலை பழக வந்த சிறுவன் கிப்ஸ் துணிகளை மடித்தும் அடுக்கியும் ஓய்ந்துபோகும் இடங்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். சவுத்சீ அனுபவம் அப்படியே இருக்கிறது. புகார் செய்யும் குரல் மட்டும் இல்லை, எல்லாம் சிரிப்பாக மாறியிருக்கிறது. நேரமிருந்தால் ‘தி ஹிஸ்டரி ஆஃப் மிஸ்டர் பாலி’ (1910) நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். நொடித்துப்போன கடைக்காரர் தம் கடைக்குத் தாமே தீ வைத்துவிட்டு, எதிர்பாராமல் ஊர் மெச்சும் வீரராகிவிடும் அந்தக் கதைக்குப் பின்னே பிராம்லியின் ஓடாத கடை நிற்கிறது. என் மதிப்பீட்டில் வெல்ஸ் எழுதியவற்றிலேயே மனிதநேயம் மிகுந்த நூல் இதுதான். அறிவியல் கதைகளின் புகழில் அது மறைந்துபோனது அநியாயம்.

வரலாற்றுக்குள் நுழைதல்

இப்போது வரலாறு. முதலில் பெரிய நூலைத் தொடாதீர்கள். 1922-இல் வெளிவந்த ‘எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட்’ நூலிலிருந்து தொடங்க வேண்டும். இது பெரிய நூலின் வெட்டிச் சுருக்கிய வடிவம் அன்று. தனியே புதிதாக எழுதப்பட்டது. ஏறக்குறைய ஒரு நாவலைப் படிப்பதுபோல் நேராகப் படித்துச் செல்ல வேண்டும் என்று முன்னுரையில் வெல்ஸே கேட்டுக்கொள்கிறார். அறுபத்தேழு சிறு அத்தியாயங்கள். நாளொன்றுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரங்களில் முடிந்துவிடும். முதல் வாசிப்பில் குறிப்பெடுக்க வேண்டாம், தேதிகளைச் சரிபார்க்கவும் வேண்டாம்.

தொடக்கத்திலேயே ஒன்று புலப்படும். நூல் மன்னர்களிடமிருந்து தொடங்கவில்லை. விண்வெளியில் மிதக்கும் பூமியிலிருந்து தொடங்குகிறது. உயிரின் தோற்றம், மீன்களின் காலம், ஊர்வன, பாலூட்டிகள் எல்லாம் கடந்த பிறகே மனிதன் வருகிறான். ஹக்ஸ்லியின் மாணவர் எழுதிய வரலாறு வேறு எப்படித் தொடங்கும்? செவ்வாய்க் கிரகத்துக் கதையிலும் பூமியை எட்ட நின்று பார்க்கும் இதே பார்வைதான் முதல் பக்கத்தில் இருந்தது.

இதை முடித்த பிறகு ‘அவுட்லைன்’ நூலின் 1920 பதிப்பைத் திறக்கலாம். அது பிறந்த சூழ்நிலையைத் தெரிந்துகொண்டு திறப்பது நல்லது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், இது போருக்கே முடிவுகட்டும் போர் என்று எழுதியவர் வெல்ஸ். 1918-இல் பிரிட்டிஷ் அரசின் எதிரிநாட்டுப் பிரசார அலுவலகத்தில் ஜெர்மனிப் பிரிவுக்குச் சில மாதங்கள் பொறுப்பேற்று, பின் விலகினார். ஒவ்வொரு நாடும் தன் பிள்ளைகளுக்குத் தன் பெருமையை மட்டுமே வரலாறாகக் கற்பிக்கும்வரை நாடுகளின் சங்கம் என்ற ஏற்பாடு நிலைக்காது என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்தக் காலத்தில்தான். எல்லா மக்களுக்கும் பொதுவான ஒரு வரலாறு வேண்டும். தொழில்முறை வரலாற்றாசிரியர் யாரும் எழுத முன்வராததால் தாமே எழுதினார். மனைவி கேதரின் உதவியோடு எழுதிய அந்நூல் 1919 நவம்பரிலிருந்து பதினைந்து நாளுக்கொரு பகுதியாக, மொத்தம் இருபத்துநான்கு பகுதிகளாக வெளிவந்தது. வரைபடங்களையும் படங்களையும் ஜே. எஃப். ஹொராபின் வரைந்தார்.

இந்த நூலைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை படிக்கத் தேவையில்லை. அடிக்குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். 1920 பதிப்பு வேண்டும் என்று சொன்னதன் காரணமும் இதுதான். எர்னஸ்ட் பார்க்கர், கில்பர்ட் மரே, ஹாரி ஜான்ஸ்டன், ரே லங்கெஸ்டர் ஆகிய அறிஞர்கள் கையெழுத்துப் படியைப் பார்த்துத் திருத்தம் சொன்னார்கள். வெல்ஸ் ஏற்றுக்கொண்ட திருத்தங்கள் நூலுக்குள் கரைந்துவிட்டன. ஏற்க மறுத்தவற்றில் பலவற்றை அவர்களது பெயரின் முதலெழுத்துகளோடு பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டுவிட்டார். மேலே ஆசிரியர் ஒருவரைச் சாடுவார். கீழே சிறிய எழுத்தில், இது நியாயமன்று என்று நண்பர் எழுதியிருப்பார். சில இடங்களில் அதற்கும் வெல்ஸின் பதில் இருக்கும். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனைப் பற்றிய பகுதியில் இந்த வாக்குவாதத்தைக் காணலாம். வெகுசன வரலாற்று நூல் ஒன்றில் தமக்கெதிரான வாதத்தைத் தம் பக்கத்திலேயே அச்சிட்ட துணிச்சல் இன்றும் அரிது. வரலாறு என்பது தீர்ப்பு, தீர்ப்பில் கருத்து வேறுபாடு உண்டு என்பதைப் பொது வாசகருக்குக் கண்முன் காட்டிய பக்கங்கள் அவை.

அடுத்து அசோகரையும் அலெக்சாந்தரையும் நெப்போலியனையும் பற்றிய பகுதிகளை ஒப்பிட்டுப் படியுங்கள். அலெக்சாந்தரைவிட அவருடைய தந்தை பிலிப்புக்கே வெல்ஸ் கூடுதல் மதிப்பு தருகிறார். நெப்போலியன் கிடைத்த வாய்ப்பை வீணடித்த தற்பெருமைக்காரராக வருகிறார். கலிங்கப் போருக்குப் பின் போரைக் கைவிட்ட அசோகரோ, பல்லாயிரம் மன்னர்களின் பெயர்களுக்கு நடுவே ஏறத்தாழத் தனியே ஒளிரும் விண்மீனாகப் போற்றப்படுகிறார். ஓர் ஆங்கிலேயர் ஆங்கில வாசகருக்கு எழுதிய உலக வரலாற்றில் இந்திய மன்னருக்குக் கிடைத்த இடம் இது. சிறையிலிருந்து மகளுக்குக் கடிதங்களாக உலக வரலாறு எழுதிய ஜவாஹர்லால் நேரு இந்நூலைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நம்பி ஏற்கக் கூடாதவை

நூறாண்டுக்கு முந்தைய வரலாற்றைப் படிக்கும்போது, எழுதிய ஆண்டில் உலகுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இரண்டு இடங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்று பில்ட்டவுன் மண்டையோடு. 1912-இல் இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, மனித மூதாதையருடையது என்று நம்பப்பட்ட அந்த எலும்புகள் 1920 பதிப்பில் இடம்பெறுகின்றன; அது மோசடி என்று அம்பலமானது 1953-இல். மற்றொன்று நமக்கு நெருக்கமானது. ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பரில். எனவே வெல்ஸின் முதற்பதிப்பில் மொகஞ்சதாரோவும் இல்லை, ஹரப்பாவும் இல்லை. திராவிடர் பற்றி அவர் எழுதியவை, சூரிய வழிபாடும் பெருங்கற்களும் சேர்ந்த ஒரே பண்பாடு உலகமெங்கும் பரவியது என்று அந்நாளில் பேசப்பட்ட கோட்பாட்டைச் சார்ந்தவை. அக்கோட்பாட்டை அறிஞர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இவற்றை வெல்ஸின் குற்றமாகக் கொள்ள முடியாது.

குற்றமாகவே கொள்ள வேண்டியது வேறொன்று உண்டு. 1901-இல் வெளிவந்த ‘ஆன்டிசிபேஷன்ஸ்’ என்ற எதிர்காலக் கணிப்பு நூலின் இறுதிப் பகுதியில், திறமையற்றோர் என்று அவர் கருதிய மக்களையும் பிற இனத்தாரையும் பற்றி எழுதியவை படிக்கக் கூசும் வகையின. பின்னாளில் இனவாதத்தை எதிர்த்து எழுதியதும், 1940-இல் மனித உரிமைகளின் பட்டியலொன்றை முன்வைத்து உழைத்ததும் அதே மனிதர்தான். இரண்டையும் ஆண்டுத் தாளில் எழுதுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கத்தோலிக்க எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக், வெல்ஸின் வரலாறு கிறித்தவத்தையும் பரிணாமத்தையும் கையாண்ட விதத்தை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். வெல்ஸ் 1926-இல் தனிச் சிறுநூலாகவே பதில் கொடுத்தார். கனடாவைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் டீக்ஸ், தாம் வெளியீட்டாளரிடம் கொடுத்திருந்த கையெழுத்துப் படியைப் பார்த்தே ‘அவுட்லைன்’ எழுதப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். ஒன்டாரியோ நீதிமன்றங்களிலும், இறுதியாக 1932-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் அவர் வழக்கு தோற்றது.

எதை விடலாம், எதில் முடிக்கலாம்

போருக்குப் பிந்தைய நாவல்களில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். 1926-இல் மூன்று தொகுதிகளாக வந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் வில்லியம் கிளிசோல்ட்’ போன்றவற்றில் பாத்திரங்கள் வாழ்வதில்லை, சொற்பொழிவு ஆற்றுகின்றன. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸோடு 1915-இல் முறிவு ஏற்பட்டபோது, கலைஞன் என்பதைவிடப் பத்திரிகையாளன் என்று அழைக்கப்படுவதையே விரும்புகிறேன் என்று வெல்ஸ் எழுதினார். பின்னாளைய நாவல்களில் அந்த விருப்பத்தை அவர் அளவுக்கு மீறியே நிறைவேற்றிக்கொண்டார். 1914-இல் வந்த ‘தி வேர்ல்ட் செட் ஃப்ரீ’ நாவலை மட்டும் ஒருமுறை புரட்டலாம். அணுகுண்டு என்ற சொல்லும் எண்ணமும் அதில் இருக்கின்றன; 1932-இல் அதைப் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு மறு ஆண்டே அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் தோன்றியது.

இத்தனைக்கும் பிறகு ‘டோனோ-பங்கே’ (1909) நாவலைப் படியுங்கள். ஒன்றுக்கும் உதவாத சத்து மருந்தை விளம்பரத்தால் விற்றுக் கோடீஸ்வரராகும் தன் சித்தப்பாவைப் பற்றி ஒருவன் சொல்லும் கதை அது. தாய் வேலைபார்க்கும் மாளிகை, கடை, ஆய்வுக்கூடம், அரசியல், ஓர் ஆங்கிலச் சமூகம் சரிந்துவிழும் வரலாறு எல்லாம் ஒரே நூலில் கூடுகின்றன. முதலிலேயே படித்தால் சிதறலாகத் தோன்றும். இந்த வரிசையில் வந்தால் ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் தெரியும்.

கடைசியாக, 1934-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த தன்வரலாறு. முதல் தொகுதி சிறந்தது. அப்பார்க் மாளிகையின் மாடத்தில் கழற்றிப் போடப்பட்டிருந்த தொலைநோக்கியின் பாகங்களைக் கண்டெடுத்துத் தாமே பொருத்தி, இரவில் நிலவைப் பார்த்த சிறுவன் அதில் வருகிறான். இரண்டாம் தொகுதியில் கருத்துகள் மிகுதி. ஆயினும் அதே ஆண்டு ரூஸ்வெல்டையும் ஸ்டாலினையும் நேரில் கண்டு பேசியதைப் பற்றிய பக்கங்களைத் தவறவிடக் கூடாது. இவற்றையடுத்து ஜார்ஜ் ஆர்வெல் 1941-இல் எழுதிய வெல்ஸ் பற்றிய கட்டுரையைப் படிக்கலாம். தம் தலைமுறையின் சிந்தனையே வெல்ஸ் உருவாக்கியது என்று ஒப்புக்கொண்டபடியே, ஹிட்லரைப் புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இல்லை என்று வாதிடும் கட்டுரை அது. எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட் முதலியோருடன் வெல்ஸுக்கு இருந்த காதல் உறவுகளைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு, அவரே எழுதிவைத்து, மகன் ஜி. பி. வெல்ஸ் பதிப்பித்து 1984-இல் வெளிவந்த தன்வரலாற்றுப் பின்னிணைப்பு தனி நூலாக இருக்கிறது. அது மறைவுக்குப் பின் வெளியானதால் இலவசத் தளங்களில் தேடாமல், விலைக்கோ நூலகத்திலோ பெற்றுப் படிக்க வேண்டும்.